பதிவில் இல்லாத நாலு நிமிடம்

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்குக் கடை திறப்பதற்கு முன்பே நாலு பேர் வந்து வாசலில் நிற்பார்கள். நல்லம்பள்ளியிலிருந்து கிளம்பும் ஒரு டவுன் பஸ் கடைசியாக வந்து திரும்புகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருப்பத்தில்தான் என் ஜெராக்ஸ் கடை. என் பெயர் இளம்பரிதி. மனு எழுதித் தருவது, பட்டா நகல் எடுப்பது, ஆதாரில் பெயர் திருத்துவது என் பிழைப்பு. ஊரில் யாருக்கு யார் மேல் என்ன குறை என்பது சர்ச்சில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிற எங்கள் ஊர்ச் சாமியாருக்குத் தெரிந்ததைவிட எனக்குக் கொஞ்சம் கூடவே தெரியும்.

இன்னாசிராஜ் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் மைக் செட்காரர். வயது நாற்பத்தொன்பது. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா இருக்காது, டெஸ்டர் இருக்கும். மாரியம்மன் பண்டிகை, அந்தோணியார் தேர், கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம் என்று சுற்றுவட்டத்தில் எங்கே குழாய் ஸ்பீக்கர் பாடினாலும் அதன் அடியில் அவர் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார். மைக்கை யாராவது ஊதிப் பார்த்தால் மட்டும் பொறுக்காது. "ஊதறதுக்கு அது என்னா அடுப்புங்களா?" என்று மேடையில் இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேட்டுவிடுவார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெங்களூருக்குப் போய் ஒரு பழைய மிக்சர் வாங்கி வந்தார். எட்டு மைக் மாட்டலாம். சத்தம் வெளியே வருவதற்கு அதில் இரண்டு வழி, இடது ஒன்று, வலது ஒன்று. அவரிடம் இருந்த ஆம்ப்ளிஃபயரில் சத்தம் உள்ளே போக ஒரே வழி. மிக்சர் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர் மோனோ. இரண்டு மாடு பூட்டிய வண்டியை ஒற்றையடிப் பாதையில் ஓட்டுகிற கதைதான்.

முதலில் இடது பக்க ஒயரை மட்டும் மாட்டிவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனார். கடத்தூர்ப் பக்கம். கீபோர்டுக்காரர் தன் இரண்டு ஒயரில் ஒன்றை இடதுக்கும் ஒன்றை வலதுக்கும் கொடுத்திருக்கிறார். பொண்ணு மாப்பிள்ளை மண்டபத்துக்குள் வரும்போது தாளம் மட்டும் வந்தது, பாட்டு வரவில்லை. அடுத்து, தர்மபுரியில் ஒருவர் பேச்சைக் கேட்டு இரண்டு வழியையும் ஒரே பின்னில் முடிச்சுப் போட்ட ஒயர் ஒன்றை வாங்கி மாட்டினார். சத்தம் மூக்கடைத்துக்கொண்டு வந்தது, மிக்சரும் சுட்டது. இடதும் வலதும் ஒன்றுக்குள் ஒன்று சத்தத்தைத் தள்ளிக்கொண்டு கிடக்கின்றன என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. கடைசியில் விஷயம் சின்னதாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மைக்குக்கும் மிக்சரில் ஒரு சின்னத் திருகு உண்டு. இடப்பக்கம் திருப்பினால் அந்த மைக்கின் சத்தம் இடது ஒயரில் மட்டும் போகும், வலப்பக்கம் திருப்பினால் வலது ஒயரில் மட்டும். நடுவில் நிறுத்தினால் இரண்டிலும் சமமாகப் போகும். எல்லாத் திருகையும் நடுவில் நிறுத்திவிட்டால் இடது ஒயர் ஒன்றே போதும். யாருடைய குரலும் விட்டுப்போகாது.

"ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு வாங்கிட்டா இவ்வளவு தொல்லை எதுக்குண்ணா?" என்று நான் கேட்டேன்.

"ஒரு கொழாய் கோயில் தெருவுல கெடக்குது, ஒண்ணு ஏரிக்கரையில கெடக்குது. பாட்டுல பாதிய அந்தத் தெருவுக்கும் பாதிய இந்தத் தெருவுக்கும் பிரிச்சுக் குடுக்கறதா? ஊருக்கெல்லாம் காது ஒண்ணுதாம்பா" என்றார்.

வலது ஒயர் சும்மா தொங்குவது அவர் கண்ணை உறுத்தியது. அதை ஒரு சின்ன ரெக்கார்டரில் மாட்டினார். அன்றிலிருந்து ஊரில் மைக் முன்னால் பேசியது, பாடியது, அழுதது எல்லாம் சுத்தமாகப் பதிவாகி மறுநாள் ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். அந்தத் திருகை வைத்து அவர் ஒரு குறும்பும் செய்வார். போதையில் மைக்கைப் பிடிக்கிறவரை மெதுவாக வலப்பக்கம் தள்ளிவிடுவார். அந்த ஆள் பேசிக்கொண்டே இருப்பார், குழாயில் ஒன்றும் வராது, பந்தியில் ஊர் நிம்மதியாகச் சாப்பிடும். மறுநாள் பதிவைக் கேட்டு அவர் வீட்டம்மா கொடுப்பது தனிக் கச்சேரி.

இந்தச் சூட்சுமம் அப்போது முழுதாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர். இன்னாசி அண்ணன், அவர் மனைவி ரோசம்மா, ரோசம்மாவின் கூடப் பிறந்த அண்ணன் சவுரியப்பன். சவுரியப்பன் லோடு ஆட்டோ வைத்திருந்தார். செட்டை ஏற்றிப் போய் இறக்கி, கம்பம் நட்டு, குழாய் கட்டுவது எல்லாம் இருபத்திரண்டு வருஷமாக மாமன் மச்சான் இரண்டு பேரும் சேர்ந்துதான். இன்னாசி அண்ணன் ஏணியில் நின்றால் கீழே பிடிப்பது சவுரியப்பன் கையாகத்தான் இருக்கும். வேறு யார் பிடித்தாலும் அவர் ஏற மாட்டார்.

ரோசம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் வெள்ளியும் தர்மபுரிக்கு டயாலிசிஸ் போக வேண்டும். அவர்கள் வீடு ஊரைத் தாண்டி அவர்களுடைய அரை ஏக்கர் சாமந்தித் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஊராட்சி ரோட்டிலிருந்து அங்கே போக அர்ச்சுனன் என்பவருடைய நிலத்தின் வரப்புதான் வழி. இருநூறு மீட்டர் இருக்கும். ஆட்டோ வராது. பைக்கில் உட்கார ரோசம்மாவால் முடியாது, தலை சுற்றும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, முன்னால் இன்னாசி அண்ணன், பின்னால் சவுரியப்பன், இருவரும் தூக்கிக்கொண்டு வரப்பில் நடப்பார்கள். ரோட்டில் மாயவனின் ஆட்டோ நிற்கும். வாரம் இரண்டு நாள், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. இரண்டரை வருஷமாக சவுரியப்பன் ஒரு நாள் தவறவில்லை. கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அந்த நாற்காலியை நினைத்தால் எழுத வரவில்லை.

போன ஆடியில் மழை பெய்து வரப்பு வழுக்கி, இன்னாசி அண்ணன் முழங்காலில் விழுந்தார். நாற்காலி சரிந்தது. ரோசம்மா இடது கை அடியில் மாட்டச் சேற்றில் விழுந்தார். அந்தக் கையில்தான் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்திருக்கிறார்கள். டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, இந்த இடம் அடைபட்டால் இன்னொரு இடம் அமைவது கஷ்டம், இனி விழக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். இனி விழக் கூடாது என்றால் வாசலுக்கு வண்டி வர வேண்டும். வண்டி வர எட்டடிப் பாதை வேண்டும். மனுவை நான்தான் டைப் அடித்தேன். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபையில் வைக்கச் சொல்லி ஒரு வாரத்துக்கு முன்பே ஊராட்சியில் கொடுத்தோம். அர்ச்சுனனுக்கும் ஒரு நகல் போயிற்று. அவர் அப்போது அந்த நிலத்தை மனை போட்டு விற்கிற யோசனையில் இருந்தார்.

எங்கள் ஊராட்சி கிளார்க்குக்கு ஒரு வழக்கம் உண்டு. சபை நடக்கும்போது தீர்மான நோட்டில் எதுவும் எழுத மாட்டார். எல்லாரிடமும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்வார். அப்புறம் நாலு நாள் கழித்து, இன்னாசி அண்ணன் எடுத்த பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு, யார் என்ன பேசினார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். பதிவு அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஊருக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. அன்றைக்கு நூற்றி நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் கையிலும் போன் இருந்தது. ஒருத்தரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. இன்னாசி எடுக்கிறாரே, நாம் எதற்கு என்று இருந்துவிட்டோம்.

காலை பதினொரு மணிக்கு சபை ஆரம்பித்தது. அன்றைக்கு பி.டி.ஓ.வும் வந்திருந்தார். அவர் மேசையில் ஒரு மைக், சனங்களுக்கு ஒரு கை மைக். மனுதாரரே எழுந்து பேச வேண்டும் என்றார்கள். மிக்சரில் உட்கார்ந்துகொண்டே எழுந்து பேச முடியாதே. இன்னாசி அண்ணன் தன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி சவுரியப்பன் காதில் மாட்டினார்.

"மச்சான், இதப் பாத்துக்க. எதையும் தொடாத. எல்லாம் நடுவுலதான் கெடக்குது" என்றார்.

முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் மைக் நீட்டியவர், தான் பேசுவதற்கு மைக்கைப் பிடித்தது அன்றைக்குத்தான். "என் சம்சாரத்த நாற்காலியில தூக்கிட்டுப் போறேங்க. ஒருக்கா கீழ போட்டுட்டேங்க. இன்னொருக்கா போட்டா அவ இருக்க மாட்டா" என்றார். அதோடு மைக்கை நீட்டிவிட்டார்.

பி.டி.ஓ. அர்ச்சுனனைப் பார்த்து, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். அர்ச்சுனன் எழுந்து வந்து அதே கை மைக்கை வாங்கினார். வெள்ளை வேட்டி, கணீரென்ற குரல். நாலு நிமிடம் பேசினார். "எட்டடி என்னாங்க சார், பத்தடியே உடறேன். ரோசம்மா எனக்குத் தங்கச்சி மாதிரி. நெலம் பெருசா, உசுரு பெருசா? இந்த சபை முன்னால நான் குடுக்கற வார்த்தை இது, எழுதிக்குங்க" என்றார். தீர்மானமாக நோட்டில் ஏறிவிட்டால் மனைக்கு அனுமதி கேட்கும்போது அந்தப் பாதையைக் காட்டியே ஆக வேண்டும் என்று பி.டி.ஓ.வும் அதே கை மைக்கை வாங்கி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சபை கைதட்டியது. இன்னாசி அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் கண்ணைத் துடைத்தேன், எனக்கு இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஏரிக்கரைக் குழாயில் வந்த சத்தம் தோட்டத்து வீடு வரைக்கும் போயிருக்கிறது. படுத்திருந்த ரோசம்மாவும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்.

மறுநாள் பதிவு குழுவுக்கு வந்தது, நேரில் கேட்டதுதானே என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை. நாலாம் நாள் கிளார்க், இன்னாசி அண்ணனுக்குப் போன் போட்டார். "இதுல அர்ச்சுனன் பேசுனது ஒண்ணுமே இல்லீங்களேண்ணா. எங்கியோ கெணத்துக்குள்ளருந்து யாரோ முனவற மாதிரி கேக்குது. ஒரு வார்த்தை புரியல."

புரியாததை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சபையில் அவரும்தான் உட்கார்ந்திருந்தார். கேட்டால், "கேட்டேன், இல்லீங்கல, ஆனா என்னா வார்த்தைன்னு நெனப்பு இல்ல" என்கிறார். பாதை குறித்து மனு பெறப்பட்டது என்று ஒரு வரி நோட்டில் ஏறியது.

இன்னாசி அண்ணன் தன் செட்டைத்தான் சந்தேகப்பட்டார். ஒயரை அறுத்துத் திரும்பப் பற்றவைத்தார். ரெக்கார்டரைக் கழற்றிப் போட்டார். சோறு இறங்கவில்லை. "முப்பது வருசத்துல ஒரு நாளு நல்லா எடுக்கணும்னு இருந்துச்சு, அன்னிக்கே கோட்டை உட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். சவுரியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, "உடு மாமா, மெசின்தானே, எப்பவாச்சும் மக்கர் பண்ணும்" என்று ஆறுதல் சொன்னதை நானே கேட்டேன்.

அடுத்த வாரம் அர்ச்சுனன் நிலத்தில் கல் நட்டார்கள். வரப்பை ஒட்டி, ஒரு அடி இடம்கூட விடாமல். அண்ணன் ஓடினார். "நானா? பத்தடியா? எதுனா ஆதாரம் இருந்தா எடுத்தாப்பா பாக்கலாம்" என்றார் அர்ச்சுனன். பக்கத்தில் மனை விற்கிற ஆபீஸ் என்று ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் சவுரியப்பனின் மகன் ஜோ புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். சூப்பர்வைசராம். எப்போது சேர்ந்தாய் என்று அண்ணன் கேட்டதற்கு, "பதினஞ்சாந் தேதிக்கு முன்னாலயே சொல்லிட்டாங்க மாமா" என்று அவன் வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் பென் டிரைவை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். கம்ப்யூட்டரில் போடச் சொன்னார். சத்தத்தைக் கோடாகக் காட்டும் ஒரு சாப்ட்வேர் என்னிடம் உண்டு. அண்ணன் பேசிய இடத்தில் கோடு தடிமனாகப் போயிற்று. பதிவில் அடுத்து அர்ச்சுனன் வந்தார். "எல்லாருக்கும் வணக்கமுங்க, நானு" என்பது வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அந்த "நானு" என்ற சொல்லிலேயே கோடு சிறுத்து, சிறுத்து, நூலாகி, இல்லாமல் போயிற்று. பி.டி.ஓ. மேசை மைக் தூரத்திலிருந்து பிடித்த முனகல் மட்டும் மிச்சம். நாலு நிமிடம் கழித்து, நன்றி சொல்ல ஊராட்சித் தலைவர் அதே கை மைக்கை வாங்கினார். கோடு அதே மாதிரி நூலிலிருந்து பெருத்துப் பெருத்துப் பழைய தடிமனுக்கு வந்தது.

அண்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஒயரு அத்துப் போனா டப்புன்னு போவும். இல்லன்னா கரகரன்னும். இப்பிடித் தேஞ்சு தேஞ்சு போவாது" என்றார். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் மெதுவாக இடப்பக்கம் திருப்பிக் காட்டினார். "கொழாயில வரும், பதிவுல வராது. நான் குடிகாரனுங்களுக்குப் பண்றத அப்பிடியே மாத்திப் பண்ணியிருக்கறான்."

பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் கொதித்துப் போனேன். இப்போதே போய் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்று எழுந்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"கேட்டுட்டு? நாளைக்கு வெள்ளிக்கெழமை. நாற்காலிக்குப் பின்னால யாரு நிப்பா?"

நான் நிற்கிறேன் என்று ஏன் அப்போது சொல்லவில்லை என்று என்னையே பல தடவை கேட்டுக்கொண்டுவிட்டேன். கடை இருந்தது, காலையில் கூட்டம் இருக்கும், அவ்வளவுதான் காரணம். இரண்டரை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அந்த நாற்காலியைப் பிடித்ததில்லை.

"ரோசாவுக்குத் தெரியக் கூடாது. அவளுக்கு அண்ணன்னா உசுரு. ஒடம்பு போச்சு, இதுவும் போச்சுன்னா அவளுக்கு என்னா இருக்குது?" என்றார்.

வெள்ளிக்கிழமை சவுரியப்பன் வந்தார். மாமன் மச்சான் இருவரும் தூக்கினார்கள். செவ்வாய்க்கிழமையும் வந்தார். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. தன் முதுகில் குத்தியவனைத் தன் முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு அண்ணன் வாரத்துக்கு நாலு தடவை அந்த வரப்பில் நடந்தார். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. கோயில் தேருக்குச் செட் கட்டும்போது ஏணியில் ஏறினார், கீழே சவுரியப்பன் பிடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபரில், கலெக்டர் ஆபீசுக்கு நான் எழுதி அனுப்பிய மனுவுக்கு ஒரு விசாரணை வைத்தார்கள். சபையில் அர்ச்சுனன் சொன்னதைக் கேட்டோம் என்று சாட்சி சொல்ல நாற்பது பேர் ஒத்துக்கொண்டிருந்தார்கள். வந்தது நாலு பேர். அன்றைக்கு சபைக்கு வந்த பி.டி.ஓ. அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். மற்றவர்களில் பாதிப் பேர் அந்த மனையில் இடம் பிடித்து வைத்திருந்தது அப்புறம் தெரிந்தது. கைதட்டிய கைதான் எல்லாம். மீதிப் பேருக்கு அன்றைக்கென்று பார்த்து வேலை வந்துவிட்டது.

அர்ச்சுனன் நிதானமாகப் பேசினார். "பதிவு என்னுது இல்லீங்க சார், இன்னாசியே எடுத்தது, இன்னாசியோட மெசினு. அதுல நான் பேசுனது இருக்குதான்னு நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார்.

கேட்டார்கள். விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர். பதிவு நடுவில் எப்படிப் போயிற்று, யாராவது கைவைத்தார்களா என்று அண்ணனிடம் இரண்டு தடவை கேட்டார். நான் அண்ணனின் விலாவில் இடித்தேன். சொல்லித் தொலையுங்கள் என்று பல்லைக் கடித்தேன். அறைக்கு வெளியே சவுரியப்பன் தன் லோடு ஆட்டோவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், எங்களைக் கூட்டி வந்ததே அவர்தான்.

"மெசினு கோளாறுங்க" என்றார் அண்ணன்.

முப்பது வருஷம் கட்டிக் காத்த பெயரை அந்த ஒரு வார்த்தையில் அவரே கீழே போட்டார். மனு தள்ளுபடி ஆயிற்று. அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டார் கொடுத்த அட்வான்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு செட்டுக்குப் போய்விட்டார்கள், இன்னாசி செட் மக்கர் பண்ணும் என்று.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தது தற்செயல். ரோசம்மாவின் சிகிச்சை அட்டையில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருந்தது, காகிதங்களை வாங்க தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். கிளம்புகிற நேரம். ஆஸ்பத்திரிப் பையை என்னிடம் கொடுத்தார்கள். முன்னால் அண்ணன், நாற்காலியில் ரோசம்மா, பின்னால் சவுரியப்பன், அவருக்குப் பின்னால் பையோடு நான். முந்தின நாள் மழை. வரப்பை ஒட்டி மனைக்கற்களை வரிசையாக நட்டிருந்ததால் கால் வைக்கப் பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டியிருந்தது.

பாதி தூரத்தில் ரோசம்மா, "எறக்குங்க" என்றார்.

தலை சுற்றுகிறதோ என்று இருவரும் பதறி இறக்கினார்கள். அண்ணன் திரும்பிப் பார்த்தார். சவுரியப்பனின் இரண்டு கையும் நாற்காலியின் முதுகை விடாமல் பிடித்திருந்தன, ரோசம்மாவின் இரண்டு தோளுக்கும் பக்கத்தில்.

ரோசம்மா திரும்பவில்லை. முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"அண்ணா, நாலு மணி நேரம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக் கெடக்கறேன். வேற என்னா வேலை எனக்கு? குரூப்புல வந்த பதிவத்தான் போட்டுப் போட்டுக் கேக்கறேன். மைக் செட்டுக்காரரோட இருவத்திரண்டு வருசம் குடும்பம் நடத்தியிருக்கறேன். ஒயரு போனா எப்பிடிப் போவும், திருகுனா எப்பிடிப் போவும்னு எனக்குத் தெரியாதா?"

"ரோசா, வேணாம், ஆட்டோ நிக்குது" என்றார் அண்ணன்.

"நீங்க சும்மா இருங்க. நீங்களும் எனக்குத் தெரியாதுன்னே நடிச்சீங்க. ரெண்டு பேரும் சேந்துதான் என்னத் தூக்கறீங்க, ரெண்டு பேரும் சேந்துதான் ஏமாத்தறீங்க." ரோசம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூச்சோடே கேட்டார். "எந்தக் கையில திருப்புனீங்கண்ணா?"

நான் சவுரியப்பனுக்கு நேர் பின்னால் நின்றதால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. கை தெரிந்தது. வலது கை நாற்காலியை விட்டுத் தானாக இறங்கி அவர் தொடைப் பக்கம் தொங்கிற்று. ரோசம்மா தன் வலது தோளுக்குப் பக்கத்தில் காலியான இடத்தைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

"ஜோவுக்கு ஒரு வழி பண்ணணும்னுதாம்மா" என்றார் சவுரியப்பன். "நீ எப்பிடியும் நாங்க தூக்கிட்டுப் போவோம்னு இருக்கறவதானேன்னு நெனச்சுட்டேன்."

ரோசம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அந்தக் கை என் நாற்காலியில வேணாம். ஒத்தக் கையால தூக்க முடியும்னா தூக்குங்க" என்றார்.

சவுரியப்பன் தூக்கிப் பார்த்தார். இடது கையை மட்டும் வைத்து, பல்லைக் கடித்து, முழு பலத்தையும் போட்டு. ஒரு பக்கம் மட்டும் எழும்பியது, நாற்காலி சரிந்தது. பதறி வலது கையைக் கொண்டு போனவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அண்ணன் பாய்ந்து வந்து ரோசம்மாவைத் தோளோடு அணைத்துப் பிடித்தார். ரோட்டில் மாயவன் ஹாரன் அடித்தார். நேரமாகிவிட்டது.

நான் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். வரப்பில் ஒருத்தரைத் தாண்டி ஒருத்தர் போக முடியாது. "நகருங்க" என்றேன் சவுரியப்பனிடம். அவர் வரப்பை விட்டு இறங்கி, மனைக்கல்லைத் தாண்டி, அர்ச்சுனனின் நிலத்துக்குள் போய் நின்றார். வரப்பில் அவர் நின்ற இடத்துக்கு நான் போய், முன்னால் அண்ணன் பிடிக்க, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கினேன்.